“கன்ஃபர்ம் ஆன செய்தி” என்று நம்பிப் பந்தயம் கட்டிய மகன்

கேள்வியின் சுருக்கம்: எழுதியவர் ஸ்காபரோவில் வசிக்கும் 49 வயதுத் தகப்பன். வேர்ஹவுஸில் இரவு வேலை. ஒரே மகனுக்கு 20 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இருவரையும் இணைப்பது ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணிதான். 2018 ஜூலையில் அணியின் நட்சத்திரம் டிமார் டிரோசனை வேறு அணிக்கு மாற்றியபோது மகன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் அணி கோப்பை வென்ற ஊர்வலத்துக்கு இருவரும் காலை ஐந்து மணிக்கே சப்வேயில் போனார்கள். இப்போது பெப்ரவரியும் ஜூலையும் வந்தால் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. யார் வருவார், யாரை விற்பார்கள், எத்தனை மில்லியன். இந்த முறை ஒரு பெரிய நட்சத்திரம் ரொறன்ரோவுக்கு வருவது “கன்ஃபர்ம்” என்று சமூக ஊடகத்தில் ஒருவர் எழுத, மகன் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில் 1,800 டொலரை ஒரு பந்தயத் தளத்தில் கட்டிவிட்டார். நட்சத்திரம் வரவில்லை.

தகப்பனின் கேள்விகள்: அந்தச் செய்தியைப் போட்டவர் மீது வழக்குப் போடலாமா? பந்தயப் பணத்தைத் திருப்பி எடுக்கலாமா? இவ்வளவு பணமுள்ள முதலாளிகள் ஏன் ஒரு ஆளை வாங்கத் தயங்குகிறார்கள்? “இந்த ஊரை விட்டுப் போக மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போகும் ஆட்டக்காரர்களை ஒப்பந்தத்தால் கட்டிவைக்க முடியாதா? கடைசியாக, கடிதத்தின் அடியில் அவசரமாக ஒரு வரி: வேலையிடத்து நண்பர் ஒருவருக்கு “உள்ளே ஆள்” இருக்கிறதாம். யாருக்குக் காயம், யார் விளையாட மாட்டார் என்று முன்கூட்டியே தெரியுமாம். ஆளுக்கு ஆயிரம் போட்டு விட்டதைப் பிடிக்கலாம் என்கிறாராம்.

அன்புள்ள தகப்பனுக்கு,

நட்சத்திரத்தின் பெயரை உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். மன்னிக்கவும். இதை நீங்கள் வாசிக்கும் நேரத்தில் பேச்சு வேறொரு பெயருக்கு மாறியிருக்கும்.

கடைசி வரியை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். அதற்கு நான் தனியாக வருகிறேன். அதுவரை அந்த நண்பருக்கு ஒரு டொலரும் கொடுக்க வேண்டாம்.

நான் தொழிலாளர் சட்டம் பார்க்கிற வழக்கறிஞர். கூடைப்பந்து எனக்குத் தொலைக்காட்சியில்தான் பழக்கம். ஆனால் நீங்கள் கேட்டிருப்பதில் பாதிக்கு மேல் கூட்டு ஒப்பந்தச் சமாச்சாரம். உங்கள் வேர்ஹவுஸில் யூனியன் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை வருடம் வேலை செய்தவருக்கு எவ்வளவு சம்பளம், யாரை எந்த ஷிப்டுக்கு மாற்றலாம் என்பதெல்லாம் முதலாளியின் மனத்தில் இல்லை, ஒரு புத்தகத்தில் இருக்கிறது அல்லவா? ராப்டர்ஸ் ஆடும் லீக்கான என்பிஏவும் அப்படித்தான். அணிகளும் ஆட்டக்காரர் சங்கமும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம் 2023 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்களும் மகனும் சமையலறையில் போடும் சண்டையில் பெரும்பகுதியை அந்தப் புத்தகம் முன்பே தீர்த்து வைத்திருக்கிறது.

பணம் இருந்தும் வாங்க முடியாது

“ரோஜர்ஸ் கையில் இல்லாத காசா?” என்று அணியின் முதலாளி நிறுவனத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அணியின் தாய் நிறுவனத்தில் பெல் வைத்திருந்த பங்கை 4.7 பில்லியன் கனடிய டொலருக்கு வாங்கியவர்களிடம் காசு இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே முதலாளியின் பணப்பை கணக்கில் வருவதில்லை. ஒவ்வொரு அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்புதான். 2025-26 பருவத்துக்கு அது 154.6 மில்லியன் அமெரிக்க டொலர். அந்தப் பருவம் தொடங்கியபோது ராப்டர்ஸில் ஸ்கொட்டி பார்ன்ஸ், பிராண்டன் இங்ரம், இம்மானுவேல் குவிக்லி, ஆர்ஜே பாரெட், யாக்கோப் பெல்ட்ல் ஆகிய ஐந்து பேரின் சம்பளத்தைக் கூட்டினாலே அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். மற்றவர்களுக்கு இன்னும் எண்ணவே தொடங்கவில்லை.

கோட்டைத் தாண்டக்கூடாது என்று இல்லை. தங்கள் சொந்த ஆட்டக்காரரை மீண்டும் ஒப்பந்தம் செய்வதற்காகத் தாண்டலாம். மூன்று பருவம் நீக்கப்படாமலும் தானாக அணி மாறாமலும் ஆடியவருக்கு இந்தச் சலுகை முழுமையாகக் கிடைக்கும். பொஸ்டன் அணியின் ஆட்டக்காரர் லாரி பேர்ட் பெயரால் இதை ‘பேர்ட் உரிமை’ என்பார்கள். வெளியாரைக் கொண்டுவரத்தான் இடம் இல்லை. அந்தப் பருவத்தில் மொத்தச் சம்பளம் 187.9 மில்லியனைத் தாண்டினால் அணி லீக்குக்கு ஆடம்பர வரி கட்ட வேண்டும். அதற்கு மேல் ‘ஏப்ரன்’ எனப்படும் இரண்டு கட்டுப்பாட்டுக் கோடுகள், இரண்டாவது 207.8 மில்லியனில். அதையும் தாண்டிய அணியால் இரண்டு ஆட்டக்காரரின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய சம்பளக்காரருக்கு மாற்ற முடியாது. பேரத்தில் ரொக்கம் சேர்த்துக் கொடுக்க முடியாது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு வரும் டிராஃப்டில், அதாவது புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வில், முதல் சுற்றுத் தேர்வு உரிமையும் விற்க முடியாதபடி முடங்கிவிடும். வரி கட்டினால் போதும் என்று நினைக்கும் பணக்கார முதலாளியைத் தடுப்பதற்கென்றே எழுதப்பட்ட விதிகள் இவை.

ஆகவே 50 மில்லியனுக்கு மேல் வாங்கும் ஒருவர் ரொறன்ரோ மாதிரியான அணிக்கு வரவேண்டுமென்றால், இங்கிருந்து ஏறத்தாழ அதே அளவு சம்பளம் வெளியே போகவேண்டும். 2025-26இல் குவிக்லி வாங்கிய 32.5 மில்லியனையும் பாரெட்டின் 27.7 மில்லியனையும் சேர்த்தால் கணக்கு நேராகும். ஆனால் எதிர் அணிக்கு அந்த இருவரும் வேண்டுமா? பெரும்பாலும் அவர்கள் கேட்பது இளையவர்களையும் முதல் சுற்றுத் தேர்வுகளையும். அதிலும் ஒரு பூட்டு உண்டு. எதிர்காலத்தில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் முதல் சுற்றுத் தேர்வே இல்லாதபடி ஒரு அணி விற்றுவிடக்கூடாது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெப்பியன் தேர்வுகளையெல்லாம் விற்றுத் தள்ளியதால் வந்த விதி, அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது.

அடுத்த முறை மகன் “அப்பா, வாறாராம்!” என்று ஓடிவந்தால் ஒரே கேள்வி கேளுங்கள். “சரி, பதிலுக்கு யார் போறது?” பதில் இல்லாத செய்தியை அத்துடன் விட்டுவிடலாம்.

சொன்ன சொல்லும் எழுதிய ஒப்பந்தமும்

“விசுவாசம் என்று ஒன்று இல்லையா?” என்ற உங்கள் கேள்வியில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிகிறது. 2018இல் உங்கள் மகன் சாப்பிடாமல் இருந்தாரே, அதையே எடுத்துக்கொள்வோம்.

டிரோசனை 2009இல் ரொறன்ரோதான் டிராஃப்டில் எடுத்தது. 2016இல் அவர் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த அணியிலும் சேரும் சுதந்திரம் உள்ளவர், ஆனபோது வேறு எந்த அணியையும் சந்திக்காமலே ஐந்து ஆண்டுக்கு 139 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தில் திரும்பக் கையெழுத்திட்டார். இரண்டு ஆண்டில் அவரையும் பெல்ட்லையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் சான் அன்டோனியோவுக்குக் கொடுத்து, காவாய் லெனர்டையும் டானி கிரீனையும் வாங்கினார்கள். தன்னை மாற்றமாட்டார்கள் என்று சொல்லப்பட்டதாக டிரோசன் நம்பியிருந்தார். அப்போது அணி நிர்வாகத்தின் தலைவராக இருந்த மசாய் உஜிரி, பேச்சில் நேர்ந்த புரிதல் பிழைக்காகப் பிறகு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்புக் கேட்கலாம். வழக்குப் போட முடியுமா? முடியாது. என்பிஏவில் ஆட்டக்காரரின் சம்மதம் இல்லாமல் அவரை மாற்றலாம் என்பதுதான் பொது விதி. “என் சம்மதம் இல்லாமல் மாற்றாதே” என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள லீக்கில் 8 பருவமும் அதே அணியில் 4 பருவமும் ஆகியிருக்க வேண்டும். 2016இல் கையெழுத்திட்டபோது டிரோசனுக்கு ஆகியிருந்தது 7 பருவம். கேட்டிருந்தாலும் எழுதிக்கொடுத்திருக்க முடியாது. ஒரு வருடம் குறைந்தது. அவ்வளவுதான் விஷயம். இதை மகனிடம் சொல்லிப் பாருங்கள், இத்தனை வருடம் கழித்தாவது கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம். இல்லாவிட்டால் கோபம் கூடலாம், எனக்குத் தெரியாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் போவது துரோகமும் அல்ல, ஒப்பந்த மீறலும் அல்ல. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அவ்வளவே. ஃபிரெட் வான்விலீட்டை நீங்கள் திட்டியிருக்கிறீர்கள். 2016 டிராஃப்டில் ஒரு அணியும் எடுக்காத பையன், ரொறன்ரோவில் வளர்ந்து கோப்பை வென்றார். 2023 கோடையில் தன் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டை வேண்டாம் என்று சொல்லும் தெரிவு அவர் கையில் இருந்தது. அதைப் பயன்படுத்தினார். ஹூஸ்டனிடம் உச்சவரம்புக்குக் கீழே இடம் இருந்தது. மூன்று ஆண்டுக்கு 130 மில்லியன் டொலர் அளவில் கொடுத்தார்கள். அவருக்குப் பதிலாக ரொறன்ரோவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. இளம் ஆட்டக்காரர் சிலருக்கு ‘கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட்’ என்ற நிலை உண்டு. அவர்களுக்கு வெளி அணி கொடுக்கும் தொகையைப் பழைய அணி தானும் கொடுத்து ஆளை வைத்துக்கொள்ளலாம். வான்விலீட் அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டார்.

அந்தக் கோடையில் பட்ட சூடு அடுத்த குளிர்காலத்தில் தெரிந்தது. ஓஜி அனுனோபி, பஸ்கல் சியாகம் இருவரும் 2024 கோடையில் வெளியேறக்கூடிய நிலையில் இருந்தார்கள். 2023 டிசம்பர் 30இல் ஓஜி நியூயோர்க் போனார், பாரெட்டும் குவிக்லியும் வந்தார்கள். 2024 ஜனவரியில் சியாகம் இண்டியானா போனார், மூன்று முதல் சுற்றுத் தேர்வுகள் வந்தன. மிசிசாகாவில் வளர்ந்த பாரெட் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று நாமெல்லாம் மகிழ்ந்தோம். அவரிடமும் யாரும் கேட்கவில்லை.

இந்த இரண்டு பேரத்தையும் முன்கூட்டி ஊகிக்க உள்ளே ஆள் தேவைப்படவில்லை. ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்தாலே போதும்.

கசியும் செய்தி யாருடையது?

இனி வதந்திக்கு வருகிறேன். நான் முப்பது வருடமாகப் பேச்சுவார்த்தை அறைகளில் உட்காருகிறவன். பேரம் நடந்துகொண்டிருக்கும்போது வெளியே கசியும் செய்தி, பேரத்தைப் பற்றிய செய்தி அல்ல. அதுவே பேரத்தின் ஒரு அசைவு. “நிர்வாகம் ஆலையை மூடப் போகிறதாம்” என்று ஒரு கதை உலவும். விசாரித்தால் அது நிர்வாகத்திடமிருந்தே வந்திருக்கும். கூடைப்பந்திலும் முகவர், விற்கும் அணி, வாங்கும் அணி, விலையைக் கூட்டுவதற்காக நடுவில் இழுக்கப்படும் மூன்றாவது அணி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு செய்தியால் ஆதாயம் உண்டு. “ரொறன்ரோ மிகுந்த ஆர்வம் காட்டுகிறது” என்று வந்தால், வேறொரு நகரத்து அணியை அவசரப்படுத்த ரொறன்ரோவின் பெயர் பயன்படுகிறதா என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். பொறாமை கொள்ளவைக்கக் கூப்பிடப்படும் மாப்பிள்ளை வீடு மாதிரி நம் அணி பல முறை இருந்திருக்கிறது.

2019 ஜூலை முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? காவாய் தங்குவாரா போவாரா என்று ஊரே தூங்கவில்லை. விமான நிலையத்திலிருந்து போன கறுப்பு வாகனங்களைத் தொலைக்காட்சி ஹெலிகொப்டர் வானத்திலிருந்து பின்தொடர்ந்தது. நகர மையத்து ஹோட்டல் வாசலில் சனம் கூடிநின்றது. நானும் வேலையை விட்டுவிட்டு அந்த நேரலையைப் பார்த்தேன், ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. உண்மையான பேரம் அந்த வாகனத்தில் நடக்கவே இல்லை. லொஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணிக்கும் ஒக்லஹோமாவுக்கும் இடையே, போல் ஜோர்ஜ் என்ற இன்னொரு ஆட்டக்காரரைப் பற்றி நடந்துகொண்டிருந்தது. ஜூலை 6 அதிகாலையில் இரண்டும் ஒன்றாக வெளிவந்தன. காவாய் கிளிப்பர்ஸுக்கு, ஜோர்ஜும் அங்கேயே. ஜோர்ஜுக்காக கிளிப்பர்ஸ் கொடுத்தது ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள், டனிலோ கலினாரி, அப்புறம் ஒரு பருவம் மட்டுமே ஆடியிருந்த 20 வயதுப் பையன். நம்முடைய ஹாமில்டனைச் சேர்ந்த ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர். 2025இல் அந்தப் பையன் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கி, ஒக்லஹோமாவுக்குக் கோப்பையும் வாங்கிக்கொடுத்தார். ஹெலிகொப்டர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

பணக் கணக்கையும் கவனியுங்கள். ரொறன்ரோவில் தங்கியிருந்தால் காவாய்க்கு ஐந்து ஆண்டுக்கு 190 மில்லியன் டொலர் வரை கிடைத்திருக்கும். வேறு அணி கொடுக்கக்கூடியது நான்கு ஆண்டுக்கு 141 மில்லியன். அவர் அதையும் எடுக்கவில்லை. மூன்று ஆண்டுக்கு 103 மில்லியன், அதிலும் இரண்டாம் ஆண்டு முடிவில் வெளியேறும் உரிமையோடு. முட்டாள்தனமாகத் தெரியும். ஆனால் லீக்கில் 10 ஆண்டு ஆனவருக்கு உச்சச் சம்பளம் சம்பள உச்சவரம்பின் 35 சதவீதம், 7 முதல் 9 ஆண்டு வரை 30 சதவீதம்தான். 2011இல் வந்தவருக்கு 2021இல் 10 ஆண்டு. அந்த ஆண்டு அவர் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஊருக்குத் திரும்ப ஆசைப்பட்டார் என்பதும் உண்மைதான், அவர் தெற்குக் கலிபோர்னியாக்காரர். இரண்டு காரணமும் ஒரே பக்கம் இழுத்தால் 190 மில்லியனால் என்ன செய்ய முடியும்?

இன்னொரு உதாரணம் மட்டும் சொல்கிறேன். 2025 பெப்ரவரி தொடக்கத்தில் டாலஸ் அணி லூகா டொன்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து அன்டனி டேவிஸை வாங்கியது. அண்மைக் காலத்தின் மிகப் பெரிய பேரம். அதற்கு முன் ஒரு வதந்தி இல்லை. செய்தியை முதலில் போட்ட பத்திரிகையாளரின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்கள். இரண்டு தரப்புக்கும் பேசாமல் இருப்பதில் ஆதாயம் இருந்தது, யாரும் பேசவில்லை.

அதே வாரத்தில் லேக்கர்ஸ் இன்னொரு பேரமும் செய்தது. சார்லட்டின் மார்க் வில்லியம்ஸை வாங்குவதாக இரண்டு அணிகளும் ஒத்துக்கொண்டு ஊருக்கே தெரிந்த பிறகு, வைத்தியப் பரிசோதனையில் திருப்தி இல்லை என்று ரத்துச் செய்தார்கள். 2015இல் டிஅன்ட்ரே ஜோர்டன் டாலஸுக்கு வருவதாக வாய்ச்சொல் கொடுத்து, கையெழுத்திடும் நாள் வருமுன் மனம் மாறி கிளிப்பர்ஸிலேயே தங்கிவிட்டார். ஃப்ரீ ஏஜென்சி ஜூன் 30 மாலை 6 மணிக்குத் தொடங்குகிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஜூலை 6 வரை கையெழுத்திட முடியாது. அந்த இடைவெளியில் உள்ள எதுவும் சட்டத்தின் கண்ணில் வெறும் பேச்சு. உங்கள் மகன் நம்பிய “கன்ஃபர்ம்” அதற்கும் கீழே ஒரு படி.

6 மணிக்கு முன் பேசுவது குற்றமா என்று மகன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். லீக் விதிப்படி தவறு, நாட்டுச் சட்டப்படி குற்றம் அல்ல. நம் ராப்டர்ஸில் ஆடிய கைல் லௌரி 2021இல் மயாமிக்குப் போன விதத்தை விசாரித்து, மயாமியின் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வைப் பறித்தார்கள். லேசான தண்டனை என்பது என் கருத்து. அதே சமயம், சம்பள வரம்பை ஏமாற்ற இரகசிய ஒப்பந்தம் செய்தால் கடுமை வேறு. 2000இல் ஜோ ஸ்மித் என்ற ஆட்டக்காரரின் விவகாரத்தில் மினசோட்டாவுக்கு 3.5 மில்லியன் அபராதம், ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளும் போயின. சிலவற்றைப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த 1,800 டொலர்

செய்தி போட்டவர் மீது வழக்கு வேண்டாம். கவனமில்லாமல் பொய்த் தகவல் சொன்னதால் நட்டம் வந்தால் வழக்குப் போட நம் சட்டத்தில் இடம் உண்டுதான். ஆனால் சொன்னவருக்கும் கேட்டவருக்கும் இடையில், உங்கள் கணக்காளருக்கும் உங்களுக்கும் இருப்பதுபோன்ற ஒரு விசேட உறவு இருக்க வேண்டும். கேட்டவர் அதை நம்பியது நியாயமாகவும் இருக்க வேண்டும். முகம் தெரியாத ஒருவர் ஊருக்கெல்லாம் எழுதியதை நம்பிப் பந்தயம் கட்டியதை நீதிபதி முன் நியாயம் என்று என்னால் வாதாட முடியாது. வழக்குச் செலவு 1,800ஐத் தாண்டிவிடும்.

பந்தயத் தளத்தின் பெயரை அனுப்பியிருந்தீர்கள். ஒன்ராறியோவில் 2022 ஏப்ரல் 4 முதல் தனியார் தளங்கள் சட்டப்படி இயங்கலாம், 19 வயது ஆகியிருந்தால் விளையாடலாம். ஆனால் அவை இங்கே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுபெற்றவற்றின் பட்டியலை ஐகேமிங் ஒன்ராறியோ வெளியிடுகிறது. நீங்கள் அனுப்பிய பெயர் அதில் இல்லை. பதிவுள்ள தளமென்றால் முறைப்பாடு கொடுக்க ஒரு வழி இருந்திருக்கும், அப்போதும் தோற்ற பந்தயம் தோற்றதுதான். இங்கே அந்த வழியும் இல்லை. பணம் போய்விட்டது என்றே கணக்கு வையுங்கள். கணக்கில் மீதி ஏதாவது இருந்தால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள்.

“நான் கட்டவில்லை என்று வங்கிக்குச் சொன்னால் கடன் அட்டைக்குத் திரும்ப வரும்” என்று யாரோ யோசனை சொன்னார்களாம். வேண்டவே வேண்டாம். 1,800 டொலர் நட்டம் ஒரு மோசடிக் குற்றச்சாட்டாக மாறிவிடும். மகனுக்கு 20 வயது, அவர் பட்ட கடனுக்கு நீங்கள் பொறுப்பு அல்ல, எங்கும் கூட்டாகக் கையெழுத்துப் போட்டிருக்காவிட்டால். கல்லூரிக் கட்டணத்துக்கு நிதி உதவி அலுவலகத்தில் போய்த் தவணை கேட்கச் சொல்லுங்கள். அவரே போகட்டும், நீங்கள் கூடப் போக வேண்டாம்.

ஒன்றை மட்டும் சந்தேகமாகக் கேட்கிறேன். இது முதல் தடவையா? கடிதத்தில் “இந்த முறை” என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். விட்டதைப் பிடிக்க மறுபடி கட்டியிருந்தால், பணத்தைப் பற்றிப் பொய் சொல்லத் தொடங்கியிருந்தால், அது வழக்கறிஞரின் வேலை இல்லை. கனெக்ஸ்-ஒன்ராறியோ என்ற இலவசச் சேவை இரவு பகலாக இயங்குகிறது, உங்கள் இரவு ஷிப்டிலிருந்தும் அழைக்கலாம். பெயர் சொல்லத் தேவையில்லை.

நண்பருக்கு “உள்ளே ஆள்”

இப்போது அந்தக் கடைசி வரி. ஜொன்டே போர்ட்டரை நினைவிருக்கிறதா? நம் ராப்டர்ஸ் ஆட்டக்காரர்தான். தன் உடல்நிலை பற்றி ஒரு பந்தயக்காரருக்கு முன்கூட்டிச் சொன்னார். 2024 மார்ச் 20 அன்று சாக்ரமெண்டோவுடன் ஆடியபோது மூன்றே நிமிடத்தில் சுகமில்லை என்று வெளியேறினார். அவர் குறைவாகத்தான் ஆடுவார் என்று 80,000 டொலர் கட்டப்பட்டிருந்தது, வென்றால் 1.1 மில்லியன். பந்தய நிறுவனம் சந்தேகப்பட்டுப் பணத்தை நிறுத்தியது. ஏப்ரல் 17இல் என்பிஏ அவரை வாழ்நாள் முழுவதும் தடைசெய்தது. அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவரோடு நிற்கவில்லை. பந்தயம் கட்டியவர்கள் மீதும் வழக்கு வந்தது. உங்கள் நண்பர் உங்களை உட்கார வைக்கப் பார்ப்பது அந்த நாற்காலியில்.

கனடாவின் குற்றவியல் சட்டம் 209ஆம் பிரிவு, ஏமாற்றும் நோக்கத்தோடு பந்தயத்தில் மோசடி செய்வதைக் குற்றமாக்குகிறது. “நான் காசு மட்டும்தான் கொடுத்தேன்” என்பது நல்ல வாதம் அல்ல, ஏன் கொடுத்தீர்கள் என்பதே அடுத்த கேள்வி. இன்னொரு சாத்தியமும் இருக்கிறது, என் அனுபவத்தில் அதுதான் அதிகம்: உள்ளே ஆளே இல்லை. ஆளுக்கு ஆயிரம் சேர்ந்ததும் நண்பரைக் காணக் கிடைக்காது. இரண்டில் எது உண்மையானாலும் உங்களுக்கு நட்டம்தான்.

அவருக்கு வாட்சப்பில் ஒரு வரி அனுப்புங்கள்: “எனக்கு இது வேண்டாம், இனி இப்படித் தகவல் எதையும் எனக்கு அனுப்பாதீர்கள்.” விளக்கம் எழுத வேண்டாம். அவர் முன்பு அனுப்பிய செய்திகளை அழிக்கவும் வேண்டாம். பிறகு யாராவது கேட்டால், நீங்கள் மறுத்ததற்கு அதுதான் சான்று. அவரிடமிருந்து ஏற்கெனவே தகவல் வாங்கி யாராவது பணம் கட்டியிருந்தால், இந்தப் பதிலோடு நிறுத்தாமல் ஒரு குற்றவியல் வழக்கறிஞரை நேரில் பாருங்கள். மகனின் பெயர் அதில் வந்தால் இந்த வாரமே பாருங்கள்.

“மகனுடன் இந்தப் பேச்சையே நிறுத்திவிடட்டுமா?” என்றும் கேட்டிருந்தீர்கள். எதற்கு நிறுத்த வேண்டும்? 20 வயதுப் பிள்ளை தகப்பனோடு ஒரு மணி நேரம் கதைக்கிற வீடுகள் இந்த ஊரில் எத்தனை இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். ஒரு கொப்பியை எடுங்கள். ஜூன் மாதம் முடியுமுன் ஒவ்வொரு ஆட்டக்காரரின் பெயர், சம்பளம், ஒப்பந்தம் முடியும் ஆண்டு, யாருக்கு வெளியேறும் தெரிவு இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து எழுதுங்கள். இந்த விவரமெல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. பிறகு ஆளுக்கு மூன்று ஊகம், ஒவ்வொன்றுக்கும் காரணம். “யாரோ சொன்னார்” என்பதைக் காரணமாக ஏற்கக் கூடாது. கோடையில் புதிதாகக் கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலானோரை டிசம்பர் 15 வரை மாற்ற முடியாது என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், அதிலேயே பாதி வதந்தி அடிபட்டுப்போகும். ஜூலை முடிவில் திறந்து பார்த்து, தோற்றவர் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுக்கட்டும்.